பதினொன்று வேண்டாம்

நவம்பர் 1, சனி

விடியும் முன்பிருந்தே தூறல். எங்கள் யூனியன் பிரதேசத்தின் விடுதலை நாள் லீவு, கம்பெனி இல்லை. ஒன்பது வரை தூங்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஏழரைக்கே அக்கா உலுக்கினாள்.

"தம்பி, லேப்டாப்புல நீலமா இன்னாவோ வந்து நிக்குதுடா. டிசைன மறைச்சிக்கினு நவுரவே மாட்டுது."

எழுந்து போய்ப் பார்த்தேன். திரை முழுக்க அழைப்பிதழ். உங்கள் கணினி பதினொன்றுக்குத் தயார், முற்றிலும் இலவசம். பெரிய நீலப் பொத்தான்: இப்போதே. பக்கத்தில் இன்னொன்று: பிறகு தானாகவே செய். வேண்டாம் என்பது எங்கே? கீழே ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில். அதை அழுத்தினால் நிச்சயமாகவா என்று கேட்டு இரண்டாவது திரை. அதையும் தாண்டினால் மூன்றாவது. கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர்கள்கூட இப்படிக் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

இந்த வாரத்தில் இது மூன்றாவது முறை.

லேப்டாப்பை ஓட்டும் சிஸ்டம் இப்போது பத்தாம் பதிப்பு. அடுத்த பதிப்பான பதினொன்று ஏன் கூடாது என்று அம்மாவுக்கு விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது. ஒரு தடவை எழுதியே வைத்துவிடுகிறேன். அக்காவின் எம்பிராய்டரி மெஷின் ஈரோட்டிலிருந்து வந்த பழைய மெஷின். ஜாக்கெட் டிசைன் போடும் சாப்ட்வேரும் அதோடு வந்தது. அது திறக்க ஒரு டாங்கிள் வேண்டும். சுண்டுவிரல் அளவு யுஎஸ்பி, பூட்டுக்குச் சாவி மாதிரி. அந்தச் சாவிக்கான டிரைவர் புரோகிராம் பத்து வரைதான் வேலை செய்யும். விற்றவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். ஆகஸ்டில் கம்பெனி நண்பன் பிரபாவின் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். அவனுடையது பதினொன்று. டாங்கிளில் பச்சை விளக்கு எரியவே இல்லை. புது சாப்ட்வேர் வாங்குவதென்றால் மெஷின் விலையில் பாதி.

ஆகவே பதினொன்று வந்தால் சாப்ட்வேர் போச்சு. சாப்ட்வேர் போனால் அக்காவின் வேலை போச்சு. ஒன்றரை வருஷத்துக்கு முன் நெட்டப்பாக்கத்திலிருந்து, புருஷன் என்ற அந்த ஆளை விட்டுவிட்டு வந்தபோது, ஆட்டோவிலிருந்து அவள் இறக்கியது ஒரு தையல் மெஷின், இந்த லேப்டாப், ஒரு துணி மூட்டை. எம்பிராய்டரி மெஷின் இங்கே வந்தபின் அவள் கடன் போட்டு வாங்கியது. யாரிடமும் கை நீட்டாமல் நிற்கிறாள் என்றால் அந்த மெஷினும் இந்த லேப்டாப்பும் ஓடுவதால்தான்.

இன்று செய்தவை:
1. அக்காவின் போன் ஹாட்ஸ்பாட்டை, டேட்டா கணக்குள்ள இணைப்பு என்று குறித்தேன். பெரிய பைல் இறக்காது.
2. அப்டேட் சர்வீஸை நிறுத்தினேன். ஒரு வாரத்தில் தானே எழுந்துகொள்ளும். தெரியும்.
3. சிஸ்டத்தின் உள்விதிகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு வரி. பத்தோடு நில் என்று.
4. அக்காவுக்கு உத்தரவு. எது வந்தாலும் எஸ் அழுத்தாதே. படி.

"நான் எங்கடா எஸ் அழுத்தனேன்? அதுவே அழுத்திக்கிது."

"அதுவே எப்படிக்கா அழுத்திக்கும்?"

"அப்ப ஒங்கம்மாதான் அழுத்தி இருக்கும். போடா."

மத்தியானம் வரை மழை விடவில்லை. தூக்கம் போனது போனதுதான்.


நவம்பர் 2, ஞாயிறு

மழை. வாசலில் கணுக்கால் தண்ணீர். சங்கரா மீன் குழம்பு.

அக்கா இப்போது போடுவது அரியூர் ரேவதியின் முகூர்த்த ஜாக்கெட். கல்யாணம் அடுத்த ஞாயிறு. வலது கையில் மணப்பெண், இடது கையில் மாப்பிள்ளை, முதுகில் பல்லக்கு, அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர். நிச்சயதார்த்த போட்டோவை வைத்துக்கொண்டு பதினோரு நாள் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தாள். பெண்ணின் மூக்குத்திகூட வந்திருக்கிறது. எனக்கு ஜாக்கெட்டில் ஆள் உருவம் போடுவதே பிடிக்காது. சொன்னேன்.

"நீயா போட்டுக்கப் போற?" என்றாள்.

சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள். "சும்மாதான குடுக்கறான் புதுச? வாங்கிக்கினா இன்னா கொறஞ்சிபுடும்?"

"நம்ம வூட்டுக்குள்ள வந்து பூட்ட மாத்திட்டு, சாவி மட்டும் பழசு இருக்குதுன்னா நீ ஒத்துக்குவியாம்மா?"

"பூட்டு நல்ல பூட்டா இருந்தா ஒத்துக்குவேன்."

எழுந்து கை கழுவினேன். இந்த வீட்டில் விவாதம் பண்ண முடியாது.


நவம்பர் 3, திங்கள்

ஃபர்ஸ்ட் ஷிப்ட். திருபுவனை டீக்கடையில் காதில் விழுந்தது. யாரோ இரண்டு பேர், வேறு கம்பெனி.

"ரீஸ்டார்ட் தான் மச்சான் பண்ணேன். வேற எவனோட லேப்டாப்போ மாதிரி ஆயிடிச்சி."

"எனக்கும். எம்பொண்ணு போட்டோ வச்சிருந்தேன், எடுத்துட்டு ஏதோ மலைய வச்சிட்டான்."

"நல்ல மலையா?"

"ஏன், நீ போவப் போறியா?"

ஊரே இதே புலம்பல். எங்கள் பேக்கிங் லைன் பேனலில் இன்னும் அரதப் பழைய எக்ஸ்.பி. சிஸ்டம்தான் ஓடுகிறது. அதை நெட்டில் சேர்க்காமல், யாரும் தொடாமல், மேலே கண்ணாடிப் பெட்டி போட்டு வைத்திருக்கிறார்கள். தூசு தட்டுவதற்குக்கூட சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் தட்ட வேண்டும். அவ்வளவு பெரிய லைன் எந்தத் தகராறும் இல்லாமல் ஓடுகிறது. அக்காவின் லேப்டாப்புக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும்.


நவம்பர் 4, செவ்வாய்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி காயவில்லை.

வலது கை முடிந்தது. ஐந்து மணி நேரம் ஓடியிருக்கிறது. நன்றாக வந்திருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை.

ஷிப்ட் முடிந்து நாலரைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தால், பதினொன்று இறங்கிக்கொண்டிருக்கிறது. முப்பத்து நான்கு சதவீதம். சர்வீஸ் தானே எழுந்துவிட்டது, ஒரு வாரம்கூடப் பொறுக்கவில்லை. ரெஜிஸ்ட்ரி வரி இரண்டும் அங்கேயே இருக்கின்றன, மதிக்கவில்லை. சரி, ஹாட்ஸ்பாட்டுக்குக் கட்டு போட்டேனே?

"எம் போனுல நெட்டு தீந்துபோச்சு. அம்மா போனுல போட்டுக்கினேன்."

ஒரு இணைப்புக்குப் போட்ட கட்டு இன்னொன்றுக்குச் செல்லாது. இது நான் யோசித்திருக்க வேண்டியது. ஆனால் கத்தியது அவளைப் பார்த்து.

"எத்தினி வாட்டி சொல்றதுக்கா? படிக்கவே மாட்டியா எதையும்?"

"வலது கைய போட்டோ எடுத்து ரேவதிக்கு அனுப்பணும். நெட்டு இல்லாம எப்படிடா அனுப்பறது? காத்துல வுடறதா?"

நிறுத்தினேன். இறங்கியதை அழித்தேன். ஒன்றரை மணி நேரம் போச்சு. எனக்கு உள்ளே கொதிப்பு அடங்கவில்லை. எவனோ ஒருவன், எங்கேயோ உட்கார்ந்துகொண்டு, எங்கள் வீட்டு அறைக்குள் வந்து அலமாரியைத் திருப்பி வைக்கிறான். கேட்பதில்லை. கேட்பது மாதிரி நடிக்கிறான். வேண்டாம் என்று சொன்னால் நாளைக்கு மறுபடி வருகிறான். நம் பொருளுக்கு நாம் பதில் சொல்ல அவன் பொத்தான் வைத்திருக்கிறான், அதிலும் வேண்டாமுக்குச் சாம்பல் கலர்.

பிரபாவுக்குப் போன். அவன் ஒரு வழி சொன்னான். பதினொன்று போட வேண்டுமென்றால் போர்டில் டிபிஎம் என்று ஒரு சிப் இருக்க வேண்டும். பயாஸுக்குள், அதாவது சிஸ்டம் எழும் முன் வரும் செட்டிங் பக்கத்துக்குள் போய் அந்தச் சிப்பை அணைத்துவிட்டால், உங்கள் கணினிக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டு அவனே போய்விடுவான்.

"அப்பறம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்டா," என்றான் பிரபா.

அழகு. தடுக்கத் தடுக்க வருகிறவனுக்கு இதுதான் மருந்து. தகுதி இல்லாமல் ஆகிவிட வேண்டும். நாளைக்குச் செய்துவிடுகிறேன்.


நவம்பர் 5, புதன்

இதை எழுதக் கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

அக்கா ஜரி நூல் வாங்க வில்லியனூர் போயிருந்தாள். மணி ஐந்து. அவள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பயாஸ், செக்யூரிட்டி பக்கம். சிப்புக்கு இரண்டு வரி. ஒன்று அணை. இன்னொன்று துடை. அணைத்தால் மட்டும் போதும் என்றுதான் பிரபா சொன்னான். அணைத்ததை அவன் மறுபடி எழுப்பிவிடுவான் என்று எனக்கு ஒரு எண்ணம். சர்வீஸை எழுப்பவில்லையா? ஆகவே முதலில் துடை. ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது. ஐந்தாறு வரி இருக்கும். எஸ் அழுத்தினேன்.

படிக்கவில்லை.

பிறகு அணை. ரீஸ்டார்ட்.

வந்தது பத்தும் இல்லை, பதினொன்றும் இல்லை. நீலத் திரை. இந்த டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது, மீட்புச் சாவியை அடியுங்கள், நாற்பத்தெட்டு இலக்கம்.

டிஸ்க் பூட்டியிருந்தது என்பதே எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது. லேப்டாப் வாங்கி அதில் கணக்கு உருவாக்கும்போதே அவனாகப் பூட்டி, சாவியை அந்தச் சிப்பில் வைத்திருக்கிறான். இதுவும் கேட்காமல் செய்ததுதான். ஆனால் சிப்பைத் துடைத்தது நான்.

சிப்பை மறுபடி உயிர்ப்பித்துப் பார்த்தேன். பயனில்லை. உள்ளே இருந்தது போய்விட்டது. அக்கா தினமும் அடிக்கும் நாலு எண் பின் நம்பருக்கு இங்கே வேலை இல்லை. பிரபாவுக்குப் போன். "தொடைச்சியா? ஏன்டா தொடைச்ச?" என்றான், பிறகு ஒரு வழி சொன்னான். சாவிக்கு ஒரு நகல் சிஸ்டம் செய்த கம்பெனிக்காரனின் தளத்தில், அக்காவின் கணக்கில் இருக்குமாம். கணக்கைத் திறக்க பாஸ்வேர்டு வேண்டும். அக்காவுக்குத் தெரிந்தது பின் மட்டும்.

பேக்கப்? பென்டிரைவில் வலது கை மட்டும் இருக்கிறது. மெஷினுக்கு எடுத்துப் போகும் பென்டிரைவில் அக்கா ஒரு நேரத்தில் ஒரு டிசைன்தான் வைப்பாள். மாறிவிடும் என்று பயம், ஒன்றை முடித்தால் அழித்துவிட்டு அடுத்தது. தனியாக ஒரு பென்டிரைவில் எல்லாம் எடுத்து வைக்கிறேன் என்று தீபாவளிக்கு முன்பே சொன்னது யார்? நான்.

ஆறு மணிக்கு அக்கா நூல் பையோடு உள்ளே வந்தாள். சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன்.

"டிசைனு?"

"உள்ளதான் இருக்குது."

"எடுக்க முடியுமா முடியாதா?"

"சாவி கெடச்சா முடியும்."

"சாவி யாராண்ட இருக்குது?"

அவள் பையிலிருந்து ஜரி நூல் கண்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக அடுக்கினாள். தங்கக் கலரில் ஆறு, சிவப்பில் இரண்டு. மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குச் சிவப்பு.


நவம்பர் 6, வியாழன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வில்லியனூர். லேப்டாப் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கடை. லேப்டாப்பில் கணக்குத் திறந்து கொடுத்தவர் அங்கேதான் இருக்கிறார்.

"பாஸ்வேர்டு எங்களுக்கு எப்படி தம்பி நெனப்பு இருக்கும்? மறந்துட்டேன்னு போடு, போனுக்கு ஒரு நம்பர் வரும்."

"யார் போனுக்குண்ணே?"

"கூட யார் வந்தாங்களோ அவங்க நம்பருதான் போடுவோம். பொம்பளைங்கன்னா வூட்டுக்காரர் நம்பரு."

அக்கா யாரோடு போய் வாங்கினாள் என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, மெயில் முகவரியை அக்காவின் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கண்டுபிடித்து, என் போனில் அடித்தேன். பாஸ்வேர்டு மறந்துவிட்டது. 41 என்று முடியும் எண்ணுக்குக் குறியீடு அனுப்பட்டுமா என்றது. அக்கா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அவரு நம்பரு," என்றாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் என்ன ஆச்சரியம். கேஸ் புத்தகம், பாங்கி, ஆதார், எல்லாவற்றிலும் அதே 41. இங்கே பெண்களுக்கு எது எடுத்தாலும் புருஷன் நம்பர்தான், கேட்பதுகூட இல்லை, போட்டுவிடுகிறார்கள். அக்கா அங்கிருந்து வந்து ஒன்றரை வருஷம். அவள் பேரில் எது வந்தாலும் இன்னும் நெட்டப்பாக்கத்தில்தான் போன் அடிக்கிறது.

வேறு வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. அந்த எண் இப்போது என்னிடம் இல்லை என்று ஒரு படிவம். போட்டால் முப்பது நாள் காத்திருக்க வேண்டும். கல்யாணம் மூன்று நாளில்.

டிசைனை மாற்றிச் சாதாரண மாங்காய்ப் பூ போட்டுவிட்டால் என்ன என்று கேட்டேன். அக்கா ஸ்பீக்கரில் ரேவதியின் அம்மாவுக்குப் போட்டாள். லேப்டாப்பில் சின்னத் தகராறு என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தம்மா:

"தேனு, கைய பாத்து மாப்ள வூட்டுல எல்லாரும் அசந்துட்டாங்க. அவங்க குரூப்புல போட்டுட்டான் மாப்ள. இன்னொரு கையில நான் எப்ப வருவேன்னு கேக்கறான்."

அக்கா "வந்துடுவாரும்மா" என்று சொல்லி வைத்தாள்.

அந்த நெட்டப்பாக்கத்து ஆளுக்கு நான் போன் பண்ண முடியாது. என் நம்பரை பிளாக் செய்திருக்கிறார். போன வருஷம் பெரியவர்கள் நடுவில் வைத்துப் பேசினபோது, ஊர்க்காரி ஜாக்கெட்டுக்கெல்லாம் எம்பொண்டாட்டி அளவு எடுக்கணுமா என்று கேட்டார். நான் சட்டையைப் பிடித்தேன். இரண்டு பட்டன் தெறித்தது. அதோடு பேச்சு நின்றது.

அம்மாவுக்கு முகத்தில் ஒரு வெளிச்சம். "இதயே சாக்கா வச்சி நாலு வார்த்த பேசனா இன்னா? தானா வந்திருக்குது."

"யம்மா, நீ சும்மா இருக்கறியா?" என்றாள் அக்கா.

நான் சொன்னேன், நாளைக்கு நேரா வண்டியில நெட்டப்பாக்கம் போறேன், கால்ல வேணாலும் விழறேன், போன வாங்கிப் பாத்து எழுதிக்கினு வரேன்.

"நீ ஒன்னும் போவ வேணாம்."

"ஏன்க்கா? தப்பு பண்ணது நான். நானே சரி பண்றேன்."

அவள் மெஷின் பிரேமில் மாட்டியிருந்த துணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"கம்பெனிக்காரன் கேக்காம பண்றான், கேக்காம பண்றான்னு ஒரு வாரமா கத்தன. நீ கேட்டியா என்ன?"

கழற்றிய துணியை மடித்து வைத்தாள்.

"அந்த மனுஷனும் இப்படித்தான். ஒனக்கு நல்லதுன்னு சொல்லிக்கினே செய்வாரு. படிக்க மாட்டியா, படிக்க மாட்டியான்னு என்னத் திட்டன. அந்தப் பொட்டியில இன்னா எழுதி இருந்திச்சி? சொல்லு."

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. சாப்பிடவில்லை. அம்மா தோசையை மூடி வைத்துவிட்டுப் போனாள்.


நவம்பர் 7, வெள்ளி

மழை விட்டிருந்தது. காலை ஆறரை. அவர் கொல்லையில் பயிர் பார்க்கப் போகும் முன் பிடிக்க வேண்டும் என்று அக்காதான் நேரம் சொன்னாள். அவளே போட்டாள், அவள் போனிலிருந்து, ஸ்பீக்கரில். நான் என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு விரலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவோரம் நின்றாள்.

எட்டாவது மணியில் எடுத்தார்.

"யாரு?"

"நான்தான்."

பின்னால் மாடு ஒன்று கத்தியது.

"சொல்லு."

"ஒங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அத அப்படியே படிக்கணும்."

"இன்னா நம்பரு?"

"லேப்டாப்பு தொறக்க."

"யாருக்கும் சொல்லாதன்னு தெனம் மெசேஜி போடறானே. பாங்கியில இருந்துகூட சொன்னாங்க."

"சரி, சொல்லாதீங்க. வச்சிடறேன்."

"இரு, இரு. அதுக்குள்ள இன்னா. வந்திடிச்சி."

ஏழு என்றார். ரெண்டு. ரெண்டு. பூஜ்ஜியம். லைன் விட்டு விட்டு வந்தது. அஞ்சா ஒம்போதா என்று அக்கா கேட்டாள். ஒம்போது. நான் அடித்தேன். தவறான குறியீடு. இன்னொரு தடவை தவறினால் ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று கீழே எழுதியிருந்தது. இந்தத் தடவை படித்தேன். என் விரல் ஈரம், ரெண்டு என்ற இலக்கம் மூன்று தடவை விழுந்திருக்கிறது. இரண்டாவது குறியீடு கேட்டேன். வரத் தாமதம். ஒரு நிமிஷம். ஒன்றரை.

யாரும் போனை வைக்கவில்லை.

"சாப்ட்டியா?" என்றார்.

"மணி ஆறரை."

"ம்."

மாடு மறுபடியும்.

"ஒந்தம்பி பக்கத்துல இருக்கானா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"இருக்கான்."

"ஏன், இந்த வேல அவன் பாக்க மாட்டானா, படிச்சவன்?"

"அவன் பாத்ததாலதான் ஒங்களுக்குப் போன் பண்றேன்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். சிரிப்பா இருமலா தெரியவில்லை. பிறகு, "வந்திடிச்சி. நாலு." நாலு. "எட்டு." எட்டு. இந்த முறை அக்கா ஒவ்வொரு எண்ணையும் திருப்பிச் சொன்னாள், அவர் ஆமாம் என்றார், பிறகுதான் நான் அடித்தேன். திறந்தது. நாற்பத்தெட்டு இலக்கமும் அங்கேயே, ஆறு ஆறாக, எட்டுக் கட்டு.

"ஆச்சு," என்றாள் அக்கா.

"எம்பிராய்டரி மிசினு வாங்கினியாமே, நல்லா ஓடுதா?"

"ஓடுது."

"ஜாக்கெட்டு வருதா நெறைய?"

"வருது."

"சரி."

"வச்சிடறேன்."

வைத்தாள். அம்மா எதையோ கேட்க வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அக்கா சாவியை வாசிக்க நான் லேப்டாப்பில் அடித்தேன். பழைய பத்து, பழைய திரை, மூலையில் டாங்கிளின் பச்சை விளக்கு. இடது கை டிசைனைத் திறக்கப் போனேன்.

"இரு. மொதல்ல நம்பர மாத்து."

"அப்பறம் மாத்திக்கலாம்க்கா, நேரம் ஆவுது."

"மொதல்ல மாத்து."

அவள் நம்பரைச் சேர்த்தேன். அவள் போனுக்குக் குறியீடு வந்தது. 41-ஐ எடுக்கட்டுமா என்று அது கேட்டது. நான் அவளைப் பார்த்தேன். அவளே கையை நீட்டி அழுத்தினாள்.

இரண்டு பென்டிரைவில் எல்லா டிசைனும். சாவியை அளவு நோட்டில் அவள் கையால் எழுதிக்கொண்டாள், இரண்டு தடவை சரிபார்த்தாள்.

லீவு சொல்லிவிட்டேன். சூப்பர்வைசர் திட்டினார். இடது கை எட்டேகாலுக்கு ஏறியது. பத்தரைக்கு கரண்ட் போய் முக்கால் மணி நேரம். மாப்பிள்ளைக்கு மூக்கு வரை வந்து நின்றிருந்தது. கரண்ட் வந்ததும் விட்ட தையலிலிருந்தே பிடித்துக்கொண்டது. பழைய மெஷின்தான், ஆனால் எங்கே விட்டோம் என்று தெரிந்து வைத்திருக்கிறது. இரண்டு மணிக்கு மாப்பிள்ளை முடிந்தார். அடுத்து பல்லக்கு. நூல் மாற்றும் வேலை எனக்கு. ஒவ்வொரு கலருக்கும் கேட்டுக் கேட்டு மாற்றினேன்.

"கேட்டுக்கினே இருக்காத, கடுப்பாவுது," என்றாள்.


நவம்பர் 8, சனி

நல்ல வெயில்.

அக்கா காலையிலேயே ஜாக்கெட்டைத் தைத்து முடித்தாள். பதினொரு மணிக்கு வண்டியில் இரண்டு பேரும் அரியூர். பை நனையக் கூடாது என்று மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வெயிலிலும்.

பந்தல்காரர்கள் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ரேவதியும் அம்மாவும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஜாக்கெட்டைக் கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்த்தார்கள். ரேவதி பல்லக்கின் மேல் விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மாப்ளக்கி மீச கொஞ்சம் பெருசா இருக்குதே தேனு."

"போட்டோவுல அவ்ளோ இருக்குதும்மா."

"நேர்லயும் அவ்ளோதான் இருக்குது," என்றாள் ரேவதி. "கொறைக்க சொல்லிட்டேன். கேக்க மாட்டேங்குது."

திரும்பும்போது வழியில் கரும்பு ஜூஸ். அக்காதான் வாங்கிக் கொடுத்தாள். நன்றாக வந்திருக்கிறது என்று சொன்னேன், ஜாக்கெட்டை. வலது கை முடிஞ்சப்பவே சொல்லி இருக்கலாம் என்றாள்.


நவம்பர் 9, ஞாயிறு

மேகம் இல்லை. துணியெல்லாம் காய்ந்தது.

அக்காவும் அம்மாவும் முகூர்த்தத்துக்குப் போய் பத்தரைக்கு வந்தார்கள். போனில் எனக்கு ஒரு ரோஜாப்பூ, குட் மார்னிங் என்று. நெட்டப்பாக்கத்து மாமாவிடமிருந்து. பிளாக்கை எடுத்திருக்கிறார். என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை. இன்னும் போடவில்லை. அக்காவிடம் காட்டலாமா வேண்டாமா என்றும் தெரியவில்லை. காட்டினேன்.

"ஒனக்குத்தான வந்திருக்குது," என்றாள்.

மூன்று மணிக்கு அதே நீலத் திரை. உங்கள் கணினி பதினொன்றுக்குத் தயார். கை தானாக மவுஸுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

"அக்கா, மறுபடி வந்திருக்குது. இன்னா பண்ணட்டும்?"

வந்து உட்கார்ந்தாள். முதல் திரையை மேலிருந்து கீழே வரை விரல் வைத்துப் படித்தாள். தெரியாத சொல்லைக் கேட்டாள். சொன்னேன். இரண்டாவது திரை. மூன்றாவது. மொத்தம் ஆறு நிமிஷம். எனக்குத் தலை வெடித்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் சாம்பல் நிற வேண்டாம் பொத்தானைத் தானே அழுத்தினாள்.

"நாளன்னிக்கி மறுபடி வரும்க்கா. அந்தச் சிப்ப அணைச்சிட்டா வராது. தொடைக்க மாட்டேன், அணைக்க மட்டும்தான். சாவிதான் இப்ப நம்ம கையில இருக்குதே."

"அணைச்சா இன்னா ஆவும், அணைக்காட்டி இன்னா ஆவும், பத்துலயே இருந்தா பின்னால இன்னா கெடுதி, எல்லாத்தயும் எழுதிக் குடு. படிச்சிட்டு சொல்றேன்."

ஒரு பக்கம் எழுதினேன். பத்துக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, நெட்டில் கண்டதைத் திறக்கக் கூடாது என்பதையும் மறைக்காமல் எழுதினேன். கொடுத்தேன். அளவு நோட்டுக்குள் வைத்தாள். ஐந்து மணி வரை படிக்கவில்லை. இரண்டு ஜாக்கெட் வெட்டினாள்.

ஆறு மணிக்கு ஒரு பைல் எடுக்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். பின் நம்பர் கேட்டது. பழைய நாலு எண்ணை அடித்தேன். தவறு என்றது. இன்னொரு முறை. தவறு.

"அக்கா, பின்ன மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"இன்னா நம்பரு?"

கத்தரிக்கோல் நிற்கவில்லை.

"இன்னா வேணும்னு சொல்லு, தொறந்து குடுக்கறேன்."